ஆறு மணிப் பக்கம்

எடமலைப்பட்டி புதூர்
18.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ராணி எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று சனிக்கிழமை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கேட்டேன். நீ தலையாட்டினாய். முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்துகிற இடத்தில் தலையாட்டத்தான் முடியும். அதனால் எழுதுகிறேன். நம் வீட்டிலிருந்து உன் சிறைக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். கடிதம் வந்து சேர எத்தனை நாளாகும் என்று வாசலில் இருந்த காவலரைக் கேட்டேன். "படிச்சுப் பாத்துட்டுத்தாம்மா குடுப்போம். ஒரு வாரத்துக்கு மேல ஆகும்" என்றார். படிக்கட்டும். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னிடம்தான் ஏதோ இருக்கிறது.

புகாரின் நகலை இலவசச் சட்ட உதவி வக்கீல் சுபலட்சுமி மேடம் வாங்கிக் கொடுத்தார். நீ ஏழு வருடமாகச் சமைத்துப் போட்ட சுரேஷ்குமார் சார், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டு அப்பார்ட்மென்டில் தன் பீரோவிலிருந்த சுவிஸ் வாட்சைக் காணோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய அப்பா 1992-ல் சிங்கப்பூரில் வாங்கியது. பழைய பில் இருக்கிறது. போலீஸ் நம் வீட்டைக் கலைத்ததில் அரிசி டிரம்முக்குள் பால்பவுடர் டப்பா, டப்பாவுக்குள் துணி சுற்றிய வாட்ச். அதே கிரீடம் முத்திரை. பில்லில் இருக்கிற 16233 என்ற எண் வாட்சிலும் இருக்கிறதாம். அவ்வளவுதான், நீ திருடி.

"ஒரு சமையக்காரி வீட்டுக்கு இந்த வாட்ச் எப்படி வரும்?" என்று சார் ஸ்டேஷனில் கேட்டாராம். ஏழு வருடம் உன் கையால் தின்றவர்.

நீ எடுத்திருக்க மாட்டாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் நாலாவது படித்த காலத்திலிருந்து அந்த டப்பா நம் வீட்டில் இருக்கிறது. உள்ளே இருந்தது யாருடையது? "எங்க வீட்டுப் பொருளு" என்று மட்டும் போலீஸிடம் சொன்னாயாம். நம் வீட்டுப் பொருட்கள் எனக்குத் தெரியும் அம்மா. ஒரு மிக்சி, ஒரு டிவி, இரண்டு பாய்.

மூட்டு வலி மாத்திரை உன் கைக்கு வந்ததா? எழுது.

உன் மகள்
ராணி

*

சிறையிலிருந்து
28.11.2024

என் தங்க மகள் விஜயராணிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் கடிதம் ஒன்பதாம் நாள் கைக்கு வந்தது. மாத்திரையும் வந்தது. நின்று நின்று உன் கால் வீங்குமே, ராத்திரியில் வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வைக்கிறாயா? எட்டாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

இங்கேயும் சமையல்கூடத்துக்கு ஒத்தாசைக்குப் போகிறேன். அம்மாசி என்று ஒரு அக்கா, என் சாம்பாரைக் குடித்துவிட்டு, "நீ ஜாமீன்ல போயிடாத தாயி" என்கிறாள். அதனால் என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ கேட்டதற்குப் பதில். அது எடுத்த பொருள் இல்லை. அதற்கு மேல் கேட்காதே. ஏப்ரல் முடியட்டும். அதுவரை நான் இங்கே இருப்பதை யாருக்கும் சொல்லி அனுப்பாதே. யாராவது கேட்டால் அம்மா வெளியூரில் சமையல் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்.

பரோட்டா தின்றே காலம் தள்ளாதே. புளி, மேல் அலமாரியில் இருக்கிறது.

அம்மா

*

எடமலைப்பட்டி புதூர்
9.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் சாம்பார் புகழ் கேட்டு மகிழ்ச்சி. கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. எங்கள் ஜவுளிக்கடை முதலாளி இன்னும் ஒரு ஸ்டூல்கூட வாங்கவில்லை.

உனக்கு ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். உடனே சந்தோஷப்படாதே. சொந்த வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த வீடு வைத்திருக்கிற யாரை நமக்குத் தெரியும்? நம் வீட்டுக்காரர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிவிட்டார். மருங்காபுரிக்குப் போய் சித்தப்பாவைக் கேட்டேன். அப்பா செத்த மறுவருடமே நம் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டவர்.

"திருட்டுக் கேசுக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?" என்றார்.

"இருக்குற எடத்துலயே வச்சுக்கங்க சித்தப்பா. அங்கயும் ஒண்ணும் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். திட்டாதே.

இன்னொரு விஷயம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஹரிஹரசுதன் என்று ஒருவன் இருக்கிறான். என் வயதுதான். பழைய வெளிநாட்டு வாட்சுகளை வாங்கி இன்ஸ்டாகிராமில் விற்கிறான். வாய் ஜாஸ்தி. புகார் நகலைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான். எனக்கு அறையலாம் போலிருந்தது.

"கோச்சுக்காதீங்க. இந்த 16233 மாடல் நம்பருங்க. உங்க கடையில ஒரே டிசைன்ல நூறு சேல வருமில்ல, அந்த மாதிரி. இதே நம்பர் போட்ட வாட்ச் உலகம் பூரா ஆயிரக்கணக்குல இருக்கு."

"அப்ப இது யாரு வாட்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ஆறு மணிப் பக்கத்தக் கழட்டணும்."

வாட்சில் செயின் இரண்டு இடத்தில் மாட்டியிருக்கும். பன்னிரண்டு மணிப் பக்கம் கழற்றினால் மாடல் எண் தெரியும். ஆறு மணிப் பக்கம் கழற்றினால் சீரியல் எண். அது வாட்சுக்கு வாட்ச் வேறு. அந்தக் காலத்து வாட்சுகளில் அதன் முதல் எழுத்தை வைத்து எந்த வருடம் செய்தது என்று சொல்லிவிடலாமாம். போலீஸ் பன்னிரண்டு மணிப் பக்கத்தை மட்டும் கழற்றிப் பார்த்திருக்கிறது. எண் பொருந்தியதும் நிறுத்திக்கொண்டார்கள். இன்னொரு பக்கத்தைக் கழற்ற ஒரு நிமிடம் ஆகும் என்கிறான். சமையல்காரிக்காக அந்த ஒரு நிமிடத்தை யார் செலவழிப்பது?

வாட்சைக் கோர்ட்டில் வைத்துப் பார்க்க மேடம் மனுப் போடுகிறார். ஏப்ரல் கணக்கு எனக்குப் புரியவில்லை. ஏப்ரலில் என்ன அம்மா இருக்கிறது?

ராணி

*

சிறையிலிருந்து
19.12.2024

என் மகள் ராணிக்கு,

நான் சுகம். குளிருக்கு அம்மாசி அக்கா தன் போர்வையில் பாதி கொடுக்கிறாள். நீ என் பச்சைப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்.

சித்தப்பாவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் படித்துவிட்டு நானும் அக்காவும் வெகுநேரம் சிரித்தோம்.

அந்தத் தம்பியிடம் ஒன்று சொல். செயினைக் கழற்றும்போது கீறல் விழக் கூடாது. பார்த்துச் செய்யச் சொல். நம் பொருளாக இருந்தால் பரவாயில்லை.

அம்மா

*

எடமலைப்பட்டி புதூர்
25.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன்னை வியாழக்கிழமை கோர்ட்டுக்கு அழைத்து வரவில்லை, காவலுக்குப் போலீஸ் இல்லை என்றார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

ஹரி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். சீல் வைத்த கவரைப் பிரித்தார்கள். நான் அந்த வாட்சை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பாதி தங்கம், பாதி வெள்ளை. அவன் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வைத்து, ஊசி போன்ற ஒன்றால் ஆறு மணிப் பக்கத்தை நெம்பினான். நீ சொன்னதைச் சொல்லியிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தான். கீறல் இல்லை. அங்கே அழுக்கு அப்பியிருந்தது. துடைத்தான்.

"கே. அப்புறம் ஆறு நம்பர்" என்று வாசித்தான். "கேன்னா ரெண்டாயிரத்து ஒண்ணு மேடம். ஒரு வருஷம் முன்ன பின்ன இருக்கலாம். தொண்ணூத்திரெண்டு கிடையவே கிடையாது. அப்பல்லாம் சி எழுத்து ஓடிக்கிட்டு இருந்துச்சு."

சுபலட்சுமி மேடம் எழுந்தார். "இவங்க அப்பா தொண்ணூத்திரெண்டுல வாங்குன வாட்ச, கம்பெனி ஒம்பது வருஷம் கழிச்சு செஞ்சிருக்கு."

கோர்ட்டே சிரித்தது. சுரேஷ்குமார் சார் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை தட்டலாம் போலிருந்தது. அதற்குள் சர்க்கார் வக்கீல் ஹரியிடம் கேட்டார்:

"இந்தப் பட்டியல கம்பெனியா வெளியிட்டுச்சு?"

"இல்லைங்க. கம்பெனி சொல்லாது. வாங்கி விக்கிறவங்க சேத்து வச்சது."

"எங்க, இன்ஸ்டாகிராம்லயா?"

"...அதுலயும் இருக்குங்க."

இந்த முறை சிரிப்பு நம் பக்கம் திரும்பியது. மாஜிஸ்திரேட் அம்மா சிரிக்கவில்லை. "சரி, இது புகார்தாரர் வாட்ச் இல்லன்னே வச்சுக்குவோம். அப்ப யாரோடது? அதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா?" என்று கேட்டார். மேடம் அவகாசம் கேட்டார். வாய்தா.

பஸ்ஸில் வரும்போது 2001 என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்போது எனக்கு ஒரு வயது. நாம் பீமநகர் லைன் வீட்டில் இருந்தோம். அந்த ஆறு வீட்டில் வெளிநாடு போனவர் பக்கத்து வீட்டு ஹாலித் மாமா ஒருவர்தான். ஜித்தாவில் கார் ஓட்டினார். வரும்போதெல்லாம் எனக்குப் பால்பவுடர் டப்பா கொண்டுவருவார் என்று நீதான் சொல்வாய்.

அது அந்த மாமா வீட்டுச் சுராயா அத்தையின் பொருள்தானே?

ராணி

*

எடமலைப்பட்டி புதூர்
15.2.2025

அம்மா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ நலம்தானே? அதை மட்டுமாவது எழுது.

ராணி

*

சிறையிலிருந்து
20.2.2025

என் மகள் ராணிக்கு,

சுகமாக இருக்கிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். உன்னை ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நினைத்தது என் தப்பு.

ஆமாம். பத்து வருடம் கார் ஓட்டியதற்கு ஹாலித் அண்ணனின் முதலாளி புதுசாக வாங்கி அவர் கையில் கட்டிவிட்டது. அண்ணன் 2009-ல் இறந்தார். நாற்பது நாள் ஆகவில்லை, அவருடைய அண்ணன் வந்து வீட்டில் இருந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றினார். உன் சித்தப்பா செய்தது நினைவிருக்கிறதா? அதேதான். இதில் அவர்கள் சாமி வேறு, நம் சாமி வேறு என்றெல்லாம் கிடையாது. துவரங்குறிச்சியில் அவர் வீட்டுக்கே குடிபோக வண்டி ஏறும் முன்னால் சுராயா பின்கட்டு வழியாக வந்து டப்பாவை என்னிடம் கொடுத்தாள். வாட்சோடு வந்த, நம்பர் போட்ட கேரண்டிச் சீட்டு அவளிடம், வாட்ச் என்னிடம். ஒன்றை யாராவது பிடுங்கினாலும் இன்னொன்று இல்லாமல் விற்க முடியாது என்று நாங்கள் இரண்டு பேரும் போட்ட திட்டம். அவள் மகள் அல்ஷிஃபாவுக்கு என்று வைத்தது.

அந்தப் பிள்ளை இப்போது நர்சிங் கடைசி வருடம். அவளுடைய சர்டிபிகேட் எல்லாம் அந்தப் பெரியப்பா பீரோவில். இது வெளியே வந்தால் "என் தம்பி சொத்தை ஒளித்தாயா" என்று பரீட்சைக்கே அனுப்ப மாட்டார். பரீட்சை ஏப்ரலில் முடிகிறது. அதனால்தான் ஏப்ரல்.

சுராயாவுக்கு நான் இங்கே இருப்பது தெரியாது. தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். நீ போகாதே. போனாலும் சொல்லாதே.

உன்னைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்க வைக்க என்னால் முடியவில்லை ராணி. அது எனக்குள் இருக்கிறது.

அம்மா

*

எடமலைப்பட்டி புதூர்
4.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தான். நீ போகாதே என்றாய், போனேன். சண்டை போடத்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை மணப்பாறையில் இறங்கி முறுக்கு வாங்கிக்கொண்டு துவரங்குறிச்சி பஸ் ஏறினேன். "எங்க அம்மா உள்ள இருக்கு, நீங்க இங்க இருக்கீங்க" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்வதாக வழியெல்லாம் ஒத்திகை.

கதவைத் திறந்த சுராயா அத்தை என்னைக் கட்டிக்கொண்டு, "அமிர்தம் மூக்கு அப்படியே இருக்கு!" என்று முகத்தைத் தடவினார். முறுக்கைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றுதான் முதல் நோன்பு என்று அப்புறம்தான் உறைத்தது. மத்தியான வெயிலில், பட்டினியாக இருக்கிற வீட்டுக்கு முறுக்கோடு போன ஆள் நான் ஒருத்திதான். அவர் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் சோறு போட்டு, உட்கார்ந்து பரிமாறினார்.

பெரியப்பா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று மூன்று முறை கேட்டார். உள்ளறையில் அல்ஷிஃபா சுவரில் இதயத்தின் படத்தை ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "தொண்ணூத்தாறு. ஏன்க்கா இவ்ளோ வேகமா அடிக்குது?" என்றாள். செல்போனை எதிரில் வைத்து எண்ணினாள். அவளிடம் வாட்ச் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், கோபிக்காதே. எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை விரிக்கிறேன். என் அம்மா இவள் படிப்பதற்காகச் சிறையில் இருக்கிறாள். வாய் வரைக்கும் வந்தது. அப்போது அவள், "இன்னும் நாப்பத்தெட்டு நாள்க்கா. அப்புறம் நானும் அம்மாவும் தனி வீடு" என்றாள், மெதுவாக, கூடத்துக்குக் கேட்காமல்.

நான் சொல்லவில்லை அம்மா.

"அம்மா எங்க?" என்று அத்தை கேட்டார். வெளியூரில் சமையல் என்றேன். "என்ன குடுத்து விட்டுச்சு?" என்று என் பையைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். சரி என்றார். பஸ் ஏறும் வரை என் கையை விடவில்லை.

ராணி

*

சிறையிலிருந்து
18.3.2025

என் கண்ணே ராணிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தை அம்மாசி அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். நீ சொல்லாமல் வந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

ஆனாலும் நீ கெடுத்துவிட்டாய், தெரிந்து கெடுக்கவில்லை. பதினைந்து வருடமாக நோன்பு பிறக்கும் முன்னால் நான் சுராயாவுக்கு நொய்யும் வறுத்த பாசிப்பருப்பும் கொடுத்து அனுப்புவேன், நோன்புக் கஞ்சிக்கு. பஸ் ஸ்டாண்டில் துவரங்குறிச்சி ஆள் யாராவது கிடைப்பார்கள். முதல் நாள் கஞ்சி அதில்தான் காய்ச்சுவாள். இந்த வருடம் பருப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக நீ கடை முறுக்கோடு போய் நின்றிருக்கிறாய். செத்தால் ஒழிய அமிர்தம் பருப்பு அனுப்பாமல் இருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். நேரே நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நீ கடையில் இருந்தாய். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றார்கள். நீதான் என்று போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுராயா. தண்ணீர்கூடக் குடிக்காத உதடு. அவ்வளவு சத்தத்திலும் அவள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பதினஞ்சு வருஷமா என் பொருள நீ பாத்துக்கிட்ட. நாலு மாசமா என் பொருள் ஒன்ன உள்ள வச்சிருக்கு. எனக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலயா அமிர்தம்?"

"புள்ளைக்குப் பரீட்சை சுராயா."

"அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். 'பரீட்சைய நான் பாத்துக்கிறேன், நீ போய் அத்தையக் கூட்டிட்டு வா'ன்னா. சர்டிபிகேட் இருக்குற பீரோச் சாவிய அவ பெரியப்பா கையிலேருந்து கேட்டு வாங்கிட்டேன். கத்துனாரு. கத்தட்டும்."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். அந்தச் சீட்டு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. கே.

வேண்டாம் என்று கையாட்டினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். இந்நேரம் வக்கீல் மேடம் வீட்டை நீ அவளுக்குக் காட்டியிருப்பாய்.

இதை நீ படிப்பதற்குள் நானே வந்து நின்றாலும் நிற்பேன். புளி தீர்ந்திருந்தால் வாங்கி வை.

அம்மா

*

எடமலைப்பட்டி புதூர்
11.5.2025

என் சுராயாவுக்கு அமிர்தம் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் ராணியும் சுகம். நீயும் அல்ஷிஃபாவும் புது வீட்டில் சுகமா? அடுப்பு வைக்கிற மூலையில் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று ராணி கேட்கிறாள். உள்ளே இருந்தபோது பழகிவிட்டது. எழுதினால் குறுக்கே யாரும் பேசுவதில்லை.

அன்றைக்குக் கோர்ட்டில் நீ பேசியதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சீட்டையும் வாட்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாஜிஸ்திரேட் அம்மா ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார்கள். அப்புறம் உன்னைக் கேட்டார்கள், "இவ்வளவு விலையுள்ள பொருள எந்த நம்பிக்கையில ஒரு சமையக்காரம்மாகிட்ட குடுத்தீங்க?" நீ சொன்னாய்: "அவதாங்க பக்கத்து வீடு." அதற்கு மேல் நீயும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சாயங்காலம் ஜாமீனுக்கு வேறு ஆள் கேட்காமல் என் கையெழுத்திலேயே என்னை வெளியே விட்டார்கள். அந்த வாட்ச் இது இல்லை என்று போலீஸும் இப்போது எழுதிக் கொடுத்துவிட்டது.

சுரேஷ்குமார் சாரின் வாட்ச் பேங்க் லாக்கரில் இருந்ததாம். மறுபடியும் சமைக்க வரச் சொல்லி ஆள் விட்டார். ராணி வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பினாள். அந்த வார்த்தைகளை உன்னைப் போன்ற நல்ல பெண்ணுக்கு எழுத முடியாது.

உன் கடிதத்தில் வாட்சை மறுபடியும் என்னிடமே கொடுக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். ராணி கத்துகிறாள். நான் யோசித்துப் பார்த்தேன். வேண்டாம். பயந்து சொல்லவில்லை. அல்ஷிஃபா ஜூனில் ஆஸ்பத்திரி வேலையில் சேருகிறாள். நாடி பார்க்க வினாடி முள் ஓடுகிற வாட்ச் வேண்டும், செல்போனை எடுத்தால் அங்கே திட்டுவார்கள் என்று ராணி சொன்னாள். பிள்ளை கையில் அதையே கட்டிவிடு. பதினைந்து வருடம் அரிசிக்குள் ஓடாமல் கிடந்தது. ஹரிஹரசுதன் தம்பி எண்ணெய் போட்டுச் சரிசெய்து தருகிறேன் என்றிருக்கிறான். காசு வாங்க மாட்டானாம். ராணியைப் பார்க்க அவனுக்கு ஒரு சாக்கு.

இந்த முறை மாற்றிக்கொள்வோம். வாட்ச் உங்களிடம், சீட்டு என்னிடம். டப்பாவைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன்.

ஒரு நர்ஸ் கைக்கு இது எப்படி வந்தது என்று நாளைக்கு ஒருவன் கேட்பான். கேட்காமல் இருக்க மாட்டான். முதலில் ஆறு மணிப் பக்கத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல். அதற்கு மேலும் கேட்டால், எடமலைப்பட்டி புதூரில் அமிர்தம் வீட்டில் வந்து கேட்கச் சொல். நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன்
அமிர்தம்